எஃப்ஆர், எஃப்ஆர்-எல்எஸ்ஹெச், ஹெச்எஃப்எஃப்ஆர்: எந்த ஒயர் எந்த இடத்துக்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது. கீழே பார்க்கிங், மேலே ஐந்து தளங்கள். நான் சங்கத்தின் பொருளாளர். மீட்டர் அறையிலிருந்து மாடிகளுக்கு ஏறும் கேபிள்கள், படிக்கட்டு விளக்குகள், தீயணைப்பு பம்ப், லிஃப்ட் என்று பொது ஒயரிங் முழுவதையும் மாற்றப் போகிறோம். கான்ட்ராக்டர் எஃப்ஆர் (தீ பரவுவதை மட்டுப்படுத்தும் ரகம்) போட்டுக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு, "இது தீப்பிடிக்காத ஒயர், இதுவே போதும்" என்கிறார். லைட்டரால் சுட்டும் காட்டினார். கமிட்டியில் ஒருவர் எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் (அதோடு புகையும் அமில வாயுவும் குறைந்த ரகம்) கேட்கிறார். இன்னொருவர் எல்லா இடத்துக்கும் ஹெச்எஃப்எஃப்ஆர்தான் (குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத ரகம்) என்கிறார். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன், "ஐரோப்பிய பி2சிஏ வகுப்புக்குக் குறைந்து வாங்காதீர்கள் மாமா" என்கிறான். இதோடு சேர்த்து என் வீட்டு ஒயரிங்கையும் மாற்ற எண்ணம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் அந்த "தீப்பிடிக்காத ஒயர்" என்ற பேச்சை மறந்துவிடுங்கள். அப்படி ஒன்று கடையில் கிடையாது. செம்புக்கு மேலே இருப்பது பிளாஸ்டிக். போதுமான சூடு கிடைத்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் எரியும்.

லைட்டர் சோதனையையும் அதோடு மறந்துவிடலாம். ஒரு துண்டு ஒயரைப் பிடித்து சில நொடி சுட்டுவிட்டு லைட்டரை எடுத்தால், எஃப்ஆர் என்ற எழுத்தே இல்லாத சாதாரண பிவிசி ஒயரும் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். வேறெதுவும் கலக்காத பிவிசியில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். அது தீயை மட்டுப்படுத்தும் இயல்புள்ளது. ஆகவே அந்த வித்தையைப் பார்த்து ஒரு ஒயர் நல்லதா மோசமா என்று சொல்லவே முடியாது.

உங்களுக்கு யோசனை சொன்ன நால்வரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தீயையும் கேபிளையும் வைத்துக் கேட்க வேண்டியவை மூன்று. தீ பட்டால் அது கேபிள் வழியாக ஓடிப் பரவுமா? எரியும்போது என்ன புகை, என்ன வாயு வரும்? தீ சூழ்ந்த பிறகும் அந்தக் கேபிளில் மின்சாரம் போய்க்கொண்டிருக்குமா? எஃப்ஆர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. எல்எஸ்ஹெச் இரண்டாவதற்குப் பாதிப் பதில். ஹெச்எஃப்எஃப்ஆர் இரண்டாவதற்கு ஏறக்குறைய முழுப் பதில். மூன்றாவது கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்லாது. உங்கள் தீயணைப்பு பம்புக்குத் தேவை அந்த மூன்றாவதுதான். அதைப் பற்றி உங்கள் கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை போலிருக்கிறது.

சரி, எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பார்ப்போம். வீட்டு பிவிசி ஒயர்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 694. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். எஃப்ஆர் ஒயரின் உறை, குறைந்தது 29 சதவீத ஆக்ஸிஜன் இருந்தால்தான் தொடர்ந்து எரிய வேண்டும். அதாவது சாதாரணக் காற்று அதற்குப் போதக் கூடாது. ஆனால் சூடு ஏற ஏற இந்த எதிர்ப்பு குறையும். எந்தச் சூட்டில் அது 21-க்கு இறங்குகிறதோ அந்த வெப்பநிலை 250 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. திருப்பிச் சொன்னால், அறை பற்றி எரிந்து சூடு அதைத் தாண்டிவிட்டால் எஃப்ஆர் ஒயரும் மற்றவற்றோடு சேர்ந்து எரியலாம். அது தரநிலையை மீறிய செயல் அல்ல.

எஃப்ஆர்-எல்எஸ்ஹெச்சில் இவற்றோடு மேலும் இரண்டு வரம்புகள் உண்டு. எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புகை அடர்த்தி மதிப்பு 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நூறு கிராம் உறை எரிந்தால் இருபது கிராம் வரை அமில வாயு வரலாம், அதுவும் "குறைந்த" ரகத்தில். கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தோடு அது சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சாதாரண பிவிசியைவிட இது மேல், சந்தேகமில்லை. ஆனால் புகையே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். (பெட்டியில் எஃப்ஆர்எல்எஸ் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள். ஹெச்ஆர் என்ற எழுத்து தனி. அது 85 டிகிரி வரை தாங்கும் உறை என்பதைச் சொல்வது, தீயைப் பற்றியது அல்ல. சாதாரண பிவிசிக்கு 70 டிகிரிதான்.)

ஹெச்எஃப்எஃப்ஆர் பிவிசியே அல்ல. அதற்கு ஐஎஸ் 17048 என்று தனித் தரநிலை 2018-இல் வந்தது. குளோரின் இல்லாத பிளாஸ்டிக்கில் அலுமினியம் ஹைட்ராக்ஸைடு போன்ற தாதுப் பொடியை நிறையக் கலந்து செய்கிறார்கள். சுமார் 200 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பொடி சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீரை ஆவியாக வெளியே விடும். அது சூட்டை உறிஞ்சும், தீயை மட்டுப்படுத்தும். வரும் புகை மெலிதாக இருக்கும், அமிலமும் கிட்டத்தட்ட இல்லை. குறை என்னவென்றால், இவ்வளவு பொடி கலந்ததால் உறை பிவிசி அளவுக்கு உரம் வாய்ந்தது அல்ல. கூர்மையான பைப் விளிம்பில் வைத்து முரட்டுத்தனமாக இழுத்தால் கீறல் விழும். ஈரமும் அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. "எல்லா இடத்துக்கும்" என்ற உங்கள் கமிட்டி நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு விலையை அடுத்து இதுவும் ஒரு காரணம்.

புகைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் நடந்ததைப் பாருங்கள். தரைத்தளப் பார்க்கிங்கில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலையே ஒரு சிறு தீ. ஆள் வந்து பழுது பார்த்தார்கள். கேபிள் முனையில் மாட்டும் லக்கை கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள் என்று பிறகு வழக்கில் வெளிவந்தது. மாலையில் அந்த இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பியது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கசிந்து எரிந்தது, பக்கத்தில் நின்ற கார்களும் எரிந்தன. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாடியில் இருந்தார்கள், தீ அவர்களிடம் போகவில்லை. படிக்கட்டு வழியாகவும் ஏசி குழாய் வழியாகவும் புகை மேலே ஏறியது. இறந்த 59 பேரும் மூச்சுத்திணறிப் போனவர்கள். அங்கே புகை வந்தது எண்ணெயிலிருந்தும் கார்களிலிருந்தும், கேபிள் உறையிலிருந்து அல்ல. ஆனால் கீழே பார்க்கிங், ஓரமாக மின் அறை, நடுவே மேலே ஏறும் ஒரு படிக்கட்டு என்ற அமைப்பு உங்கள் கட்டடத்திலும் அப்படியே இருக்கிறது. அந்தப் படிக்கட்டை ஒட்டி எது எரிந்தாலும் புகை ஐந்து தளத்துக்கும் போகும்.

தீ எப்படித் தொடங்கியது என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தளர்ந்த இணைப்பு. தளர்ந்த இணைப்பு கூடுதல் கரண்ட் எதையும் இழுக்காது. இருக்கிற கரண்ட்டிலேயே அந்த ஒரு புள்ளி மட்டும் சூடாகிக்கொண்டே போகும். அதனால் கூடுதல் கரண்ட்டுக்கு விழும் எம்சிபி விழாது, மின்கசிவுக்கு விழும் ஆர்சிசிபியும் விழாது. ஒயரின் மேல் எந்த எழுத்து இருந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. ஆகவே கொட்டேஷனில் ஒயர் ரகத்துக்கு எவ்வளவு வாதாடுகிறீர்களோ அவ்வளவு லக்குக்கும் வாதாடுங்கள். கேபிள் அளவுக்குப் பொருந்திய லக் வேண்டும், சரியான கருவியால் அழுத்த வேண்டும். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் இருக்கும் மின்பட்டை) மாட்டுவதாக இருந்தால் அதற்கென்று உள்ள இருஉலோக லக் வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் ஓடிய பிறகு, எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் ஒரு ராத்திரி பார்த்து, வெப்பக் கேமராவால் மீட்டர் பேனலைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சூடான முனை பளிச்சென்று தெரியும். வாடகைக்கு வந்து எடுத்துக் கொடுப்பவர்கள் கோவையில் இருக்கிறார்கள்.

இப்போது ஷாஃப்ட், அதாவது கேபிள்கள் மாடிகளுக்கு ஏறும் செங்குத்தான பொந்து. கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான். ஒற்றை ஒயருக்கான சர்வதேசச் சோதனை ஐஇசி 60332-1. அதில் அறுபது சென்டிமீட்டர் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, வீட்டு ஒயர் பருமனுக்கு ஒரு நிமிடம் சுடர் காட்டுவார்கள். அதில் தேறிய ஒயரையே இருபது முப்பதாகச் சேர்த்துக் கட்டி நிறுத்தினால் கதை வேறு. ஒன்றின் சூடு அடுத்ததைச் சூடாக்கும், நெருப்பு ஏணி ஏறுவதுபோல் ஏறும். கட்டுக் கேபிள்களுக்கு வேறு சோதனை, ஐஇசி 60332-3. மூன்றரை மீட்டர் கேபிள்களை இரும்பு ஏணியில் கட்டி, வகையைப் பொறுத்து 20 அல்லது 40 நிமிடம் எரிப்பார்கள். பர்னருக்கு மேல் 2.5 மீட்டரைத் தாண்டிக் கருகக் கூடாது. ஏ, பி, சி என்ற வகைகள் மீட்டருக்கு எவ்வளவு பிளாஸ்டிக் என்பதைச் சொல்பவை: 7 லிட்டர், 3.5 லிட்டர், 1.5 லிட்டர். ஷாஃப்டுக்கு வாங்கும் கேபிளுக்குக் கட்டுச் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள், அதில் எந்த வகை என்று பாருங்கள். கான்ட்ராக்டருக்குத் தெரியாவிட்டாலும் கேபிள் கம்பெனியில் கேட்டால் அனுப்புவார்கள்.

அங்கே போடப் போவது பெரும்பாலும் ஐஎஸ் 7098 ஆர்மர்டு (உலோகக் கவசமுள்ள) கேபிளாக இருக்கும். அதன் மேல் எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் என்று அச்சிட்டிருந்தால், அது வெளியுறையைப் பற்றிய பேச்சு. உள்ளே கம்பிகளைச் சுற்றியிருக்கும் எக்ஸ்எல்பிஇ ஒருவகைப் பாலிஎத்திலீன், நன்றாகவே எரியும். வெளியுறை தாக்குப்பிடிக்கும் வரைதான் அந்த எழுத்துக்கு மதிப்பு. உங்கள் ஷாஃப்ட் கதவு படிக்கட்டு நடையில் திறப்பதாக இருந்தால், குறைந்தது எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் வெளியுறை வேண்டும். படிக்கட்டு விளக்கு, நடைபாதை விளக்கு ஒயர்களுக்கு ஹெச்எஃப்எஃப்ஆர் போடுங்கள். நீளம் குறைவு, கூடுதல் செலவு எல்லா வீட்டுக்கும் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. கட்டடத்திலிருந்து எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழியும் அது ஒன்றுதான்.

கேபிளைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஒவ்வொரு தளத்திலும் ஷாஃப்ட் தரையில் இருக்கும் ஓட்டை. பார்க்கிங், அதற்கு மேல் ஐந்து தளம் என்றால் உங்கள் கட்டடம் 15 மீட்டரைத் தாண்டியிருக்கும். 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கில் அது உயரமான கட்டடம். கேபிள் ஷாஃப்டை ஒவ்வொரு தளத்திலும், அந்தத் தளத்தின் கான்கிரீட் எவ்வளவு நேரம் தீயைத் தாங்குமோ அவ்வளவு நேரம் தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும் என்கிறது அந்தத் தொகுப்பு. தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், டெலிபோன் ஒயர் எதுவும் அதற்குள் போகக் கூடாது. நடைமுறையில் நான் பார்ப்பது என்ன? ஓட்டை திறந்தே கிடக்கும், இல்லாவிட்டால் சிமென்ட் பையைத் திணித்து மேலே ஒரு பூச்சு. கேபிள் டிவிக்காரர் வந்து அதையும் உடைத்து ஒயரை விட்டிருப்பார்.

சிலர் பாலியூரிதேன் நுரையைப் பீய்ச்சி அடைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். 1975 மார்ச் 22 அன்று, கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க ஊழியர்கள் மெழுகுவத்திச் சுடரைக் காட்டினார்கள். ஓட்டையை அடைத்திருந்தது பாலியூரிதேன் நுரை. அது பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து, 1,600-க்கு மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. உங்களுக்கு வேண்டியது தீ மதிப்பீடு பெற்ற சீலண்ட், மோர்ட்டார் அல்லது தீத்தடுப்புத் தலையணைகள். சூட்டில் உப்பி ஓட்டையை இறுக அடைக்கும் பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. பின்னால் கேபிள் சேர்க்க வசதி என்பதால் தலையணை எனக்குப் பிடிக்கும்.

தீயணைப்பு பம்புக்கு வருகிறேன். பார்க்கிங்கில் தீ, பம்ப் ஓட வேண்டும், ஆனால் பம்புக்குப் போகும் கேபிளே பார்க்கிங் கூரையில் ஓடுகிறது. எஃப்ஆரோ ஹெச்எஃப்எஃப்ஆரோ அந்தச் சூட்டில் உறை உருகி ஷார்ட் ஆகிவிடும். இங்கே வேண்டியது ஃபயர் சர்வைவல் கேபிள். செம்புக் கம்பியின் மேல் மைக்கா நாடா சுற்றியிருக்கும். பிளாஸ்டிக் முழுவதும் எரிந்து போனாலும் மைக்கா காப்பாக நிற்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 17505. விளம்பரங்களில் அதிகம் தெரிவது பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 6387-இன் சி, டபிள்யூ, இஸட் என்ற மூன்று எழுத்துகள். சி என்றால் 950 டிகிரியில் மூன்று மணி நேரம். டபிள்யூ என்றால் 650 டிகிரியில் 15 நிமிடம், அதோடு தண்ணீர் தெளித்து மேலும் 15 நிமிடம். இஸட் என்றால் 950 டிகிரியில் 15 நிமிடம், கூடவே அடித்து அதிர வைப்பது. மூன்றிலும் கேபிளில் மின்சாரம் அறுபடாமல் இருக்க வேண்டும்.

இதை வாங்கிவிட்டு பிளாஸ்டிக் டையால் கட்டினால் காசு வீண். 2010-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் அடுக்குமாடியில் தீ. பிளாஸ்டிக் டிரங்கிங் (ஒயர் ஓடும் பெட்டிக்குழாய்) உருகிக் கேபிள்கள் தொங்கின. உள்ளே போன தீயணைப்பு வீரர் இருவர் இறந்தார்கள், தொங்கிய கேபிள்களில் சிக்கியதும் அதற்கு ஒரு காரணம். அதற்கு முன்பும் அந்த நாட்டில் அப்படி நடந்திருக்கிறது. பிரிட்டனின் ஒயரிங் விதிகள் முதலில் தப்பும் வழிகளுக்கும், 2018-இல் கட்டடம் முழுவதற்கும், தீயில் கேபிள் சரிந்து விழாத பிடிமானத்தைக் கட்டாயமாக்கின. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்: பம்ப் கேபிளுக்கும் படிக்கட்டில் மேலாகப் போகும் ஒயர்களுக்கும் இரும்பு கிளிப். பம்புக்கான இணைப்பு மெயின் ஸ்விட்சுக்கு முன்பே தனியாகப் பிரிய வேண்டும். தீ என்றவுடன் யாராவது ஓடிப்போய் மெயினை இறக்குவார்கள், பம்பும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது.

லிஃப்டுக்கு இந்தச் செலவு வேண்டாம். தீயின்போது யாரும் ஏறக் கூடாத சாதாரண லிஃப்ட்தானே உங்களுடையது.

மருமகன் சொன்ன பி2சிஏ ஐரோப்பிய வகுப்பு. 2017 ஜூலை 1 முதல், கட்டடங்களில் நிரந்தரமாகப் பதிக்க அங்கே விற்கும் கேபிள்களுக்கு இஎன் 50575 என்ற தரநிலையின்படி வகுப்பு கட்டாயம். ஏசிஏ-வில் தொடங்கி பி1, பி2, சி, டி, இ என்று இறங்கி எஃப்சிஏ வரை போகும். பின்னால் புகைக்கு எஸ், சொட்டும் தீத்துளிக்கு டி, அமிலத்துக்கு ஏ என்று துணைக் குறிகள். நம்முடையதைவிட நுணுக்கமான முறைதான். கேபிள் எரியும்போது எவ்வளவு வெப்பம் விடுகிறது என்பதையே அளக்கிறார்கள். பி2சிஏ என்றால் அதிகபட்சம் 30 கிலோவாட், சிசிஏ என்றால் 60, டிசிஏ என்றால் 400. ஆனால் எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் இதில் எந்த வகுப்பு என்று நேராக மாற்றிச் சொல்ல வழியில்லை, சோதனைகளே வேறு. அந்த வகுப்புகளும் நம் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல. உள்ளூர்க் கடையில் பி2சிஏ கேட்டு அலைய வேண்டாம். தம்பியிடம் எண்ணம் நல்லது என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் சொந்த வீட்டுக்கு எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் தாராளம். சுவருக்குள் பைப்பில் ஓடும் சில ஒயர்கள், மேலே சிமென்ட் பூச்சு. வீட்டில் எரிவதற்கு சோஃபாவும் மெத்தையும் அதைவிட நிறைய இருக்கின்றன. ஹெச்எஃப்எஃப்ஆருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கும் சரியான எர்த்துக்கும் கொடுங்கள். கீசருக்கும் ஏசிக்கும் 4 ஸ்கொயர் எம்எம் ஒயரும் 20 ஆம்பியர் எம்சிபியும். அடிக்கடி விழுகிறதே என்று 2.5 ஸ்கொயர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி மாட்டும் எலெக்ட்ரீஷியனை அன்றே அனுப்பிவிடுங்கள். அவர் செய்யும் வேலையை எந்த எஃப்ஆரும் ஈடுகட்டாது.

வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், ஒயரைப் பாருங்கள். ஒயரின் மேலேயே கம்பெனி பெயர், ஐஎஸ் எண், அளவு, 1100 வோல்ட், எஃப்ஆர் அல்லது எஃப்ஆர்-எல்எஸ்ஹெச், ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று உடனே தெரியும். பெட்டியில் ஒன்று, ஒயரில் வேறு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொட்டேஷனைத் திருத்தி வாங்குங்கள். "எஃப்ஆர் கேபிள்" என்ற ஒற்றை வரிக்குப் பதில் ஷாஃப்ட், படிக்கட்டு, பம்ப் என்று தனித்தனி வரியும், ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ் எண்ணும் இருக்கட்டும். ஓட்டை அடைப்பது தனி வரியாக, தளத்துக்கு இவ்வளவு என்று வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. ஷாஃப்டுக்குள் வைத்திருக்கும் துடைப்பம், பெயின்ட் டப்பா, பழைய பேப்பர் கட்டை எல்லாம் வேலை தொடங்கும் முன் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுங்கள். கடைசித் தவணையில் கொஞ்சம் நிறுத்தி வைத்து, அடைத்த ஒவ்வொரு ஓட்டையையும் நேரில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகு கொடுங்கள்.